ஞானப்பல்: வாயின் கடைக்குட்டி

ஞானப்பல் என்பது தாடையின் கோடியில், எல்லாப் பல்லும் வந்து அமர்ந்த பிறகு, பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு வரவேண்டும். சிலருக்கு ஒன்றிரண்டோடு சரி. ஒன்றுகூட இல்லாதவர்களும் உண்டு, அறிவுக்கு ஒரு குறையும் இல்லாமல்.

புதுச்சேரியில் இதற்குப் பெயர்ப் பஞ்சமே கிடையாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ‘விஸ்டம் டூத்’. பிரெஞ்சு பேசும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பத்துப் பெரியவருக்கு ‘தான் து சஜெஸ்’. முதலியார்பேட்டை ஆயாவோ, “கடவாப் பல்லு மொளைக்குதுடா, அதான் வலி” என்று கதையை முடித்துவிடுவார்.

முதல் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அறிவின் பல். லத்தீன் ‘தெந்தெஸ் சபியென்தியே’ வழியே வந்தவை. லத்தீன்காரர்கள் கிரேக்கரின் ‘சோஃப்ரோனிஸ்தெரெஸ்’ என்ற சொல்லைப் பெயர்த்துக்கொண்டார்கள். விவேகம் வருகிற வயதில் முளைப்பது என்று கருத்து. அரபியும் இந்தியும்கூட ‘அக்ல்’, அதாவது புத்தி, என்பதையே இந்தப் பல்லோடு ஒட்டவைத்தன. ஆனால் வயதுக் கணக்கு அப்படியொன்றும் கறாரானதல்ல. எண்பதைக் கடந்த பெண்களுக்கும் இது கடும் வலியோடு முளைத்ததுண்டு என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். துருக்கியர் அறிவை விட்டுவிட்டு ‘இருபது வயசுப் பல்’ என்கிறார்கள். ஜப்பானியருக்கு இது ‘ஓயாஷிராசு’, பெற்றோர் அறியாதது.

தமிழில் ஞானப்பல், அறிவுப்பல் இரண்டுமே பெயர்த்தெடுத்தவை. ‘ஞானம்’ வடசொல் என்று ‘அறிவுப்பல்’லை முன்வைத்தாலும், சொல்தான் தமிழாகிறது, உள்ளிருக்கும் கிரேக்கர் அப்படியே இருக்கிறார். வேலை, வடிவம், இடம் பார்த்துப் பல்லுக்குப் பெயர் வைப்பதே நம் வழக்கம்: வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல். ‘கடை’ என்றால் ஓரம், முடிவு. கடைக்கண், கடைக்குட்டி என்கிறோமே, அந்தக் கடை. ஆகவே ‘மூன்றாம் கடைவாய்ப்பல்’ என்பதே என் தேர்வு. பேச்சில் ஞானப்பல் இருந்துவிட்டுப் போகட்டும், விரட்ட வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பல், எங்கே என்று சொல்ல ஆயாவின் சொல்லே உதவும்.

வலியின் காரணமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கோடியில் இடம் போதாமல் பல் சாய்ந்தோ பாதி புதைந்தோ நின்றுவிடும். பாதி வந்த பல்லின் மேல் ஈறு ஒரு தோல் மூடிபோலக் கிடக்கும். மீன்குழம்புச் சோறோ பண்ருட்டி முந்திரித் துணுக்கோ அதற்கடியில் புகுந்துகொண்டால் பிரஷ் எட்டாது. உள்ளே கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் ஒவ்வொரு கடிக்கும் மிதிக்கும். காது வரை தெறிக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைக் கரைத்து, அந்தப் பக்கம் தேக்கிக் கொப்பளித்தால் தணியும். மென்மையான பிரஷால் அந்த இடத்தையும் தேய்க்கத்தான் வேண்டும். வலிக்கிறதென்று விட்டால் இன்னும் சேரும். கிராம்புத் தைலத்தை நேரே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். வலி மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் அப்படித்தான், அது விழுங்குவதற்கானது.

காய்ச்சல், கன்ன வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாத நிலை என்றால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். புதுச்சேரியின் கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே எடுத்து, பல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு அருகில் என்று பார்த்துத்தான் பிடுங்குவதா வேண்டாமா என முடிவு செய்வார்கள். தொல்லை தராமல் நேராக முளைத்த பல்லைப் பிடுங்க வேண்டிய அவசியமில்லை.

பிடுங்கினால், குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் காயத்துக்கு மூடி. முதல் சில நாள் வேகமாகத் துப்புவதோ, புகைப்பதோ, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதோ கூடாது. கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, பழைய வலியே தேவலை என்றாகும். இளநீர் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி.