டெட்ராய்ட் சமூகப் பலன் சட்டம்: தெருவில் கிரேன் நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கார் ஆலைகள் பல மூடியது, ஜனம் ஊரை விட்டுக் கிளம்பியது, 2013இல் நகரமே திவாலானது, இதெல்லாம் தெரிந்த கதை. அந்தக் காலி மனைகளில் இப்போது பெரிய ஆட்கள் வரிச்சலுகை வாங்கிக் கட்டடம் கட்டுகிறார்கள். சலுகை நம் வரிப்பணம், அதனால் அக்கம்பக்கத்தாருக்கும் ஏதாவது செய்துவிட்டுக் கட்டு என்று 2016 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் இது; அக்கம்பக்கத்தார் கூட்டத்தை ஒட்டி அமையும் குழு ஒன்று அந்தப் பலன்களைக் கட்டுநரிடம் பேசி வாங்க வேண்டும். அதே நாளில் இதைவிடக் கறாரான இன்னொன்றும் ஓட்டுக்கு வந்தது, தோற்றுப்போனது.

முதல் கண்ணி தொகை. கட்டுமானம் 7.5 கோடி டாலரைத் தொட வேண்டும். அது மட்டும் போதாது, கூடவே நகரத்திடமிருந்து 10 லட்சம் டாலருக்கு மேல் வரிச்சலுகையோ, அந்த அளவு மதிப்புள்ள நிலம் ஏலமில்லாமல் மலிவாகவோ போயிருக்க வேண்டும். தோற்றுப்போன சட்டத்தில் வரம்பு வெறும் 1.5 கோடி. ஆகவே பக்கத்தில் ஏதோ பெரிதாக எழும்புகிறதே என்று நம்பி உட்கார வேண்டாம்; இந்த இரண்டு எண்களையும் முதலில் கேளுங்கள், அதுவும் எழுத்தில்.

அடுத்தது எல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக யாரோ என்றைக்கோ போட்ட கோடுதான் ‘பாதிப்புப் பகுதி’க்கு, அதாவது கூட்டத்தில் ஓட்டு யாருக்கு என்று முடிவாகும் வட்டாரத்துக்கு, அடிப்படை. ரோட்டின் இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஓட்டு உண்டு, எதிர்ப்பக்கம் ஜன்னலைத் திறந்தால் அதே தூசியைத் தின்பவருக்கு இல்லாமல் போகலாம். எல்லையை விரிக்கும் அதிகாரம் நகரத்தின் திட்டமிடல் துறை இயக்குநரிடம் இருக்கிறது, ஆனால் தானாக விரிப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், முதல் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு வேறெங்கோ குடியிருப்பவர்கள் ஏமாறுவதும் இதில்தான்: கணக்கு குடியிருப்புக்கு, கடைக்கு அல்ல.

தபால் அறிவிப்பு கட்டுமான இடத்திலிருந்து 300 அடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் உறுதி. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் அனுப்பினால் போதும் என்கிறது சட்டம். பத்து நாள்! இரண்டு வேலை பார்க்கிறவர் அதற்குள் எங்கே லீவு சொல்லி, யாரிடம் பிள்ளையை விடுவது?

சரி, போய்விட்டீர்கள். பேச்சு நடத்தும் குழுவில் ஒன்பது பேர். அதில் வந்திருக்கும் மக்கள் தேர்ந்தெடுப்பது இரண்டே பேர். நான்கு பேரைத் திட்டமிடல் துறையும் மூன்று பேரை நகரக் கவுன்சில் உறுப்பினர்களும் நியமிக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகி அந்தப் பகுதியில் குடியிருந்தால் நீங்களும் நிற்கலாம், கூச்சப்படாதீர்கள். வாசலில் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டதையே ஓட்டுப் போட்டதாக நினைத்து பாதியில் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், அன்று அவர்களை யாரும் தடுக்கவும் இல்லை.

பேசும்போது ‘முயற்சி செய்வோம்’, ‘முன்னுரிமை தருவோம்’ என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எத்தனை பேருக்கு வேலை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு சம்பளம், செய்யாவிட்டால் எந்தச் சலுகை திரும்பப் போகும்? இவை இல்லாத வரியை உறுதிமொழியாக எண்ண வேண்டாம். 2023இல் கவுன்சில் ஒப்புக்கொண்ட 150 கோடி டாலர் ‘டிஸ்ட்ரிக்ட் டெட்ராய்ட்’ திட்டத்தில் பலன்களின் மதிப்பு 16.7 கோடி என்றார்கள். இப்படி ஒரு மொத்தத் தொகை காதில் விழுந்தால் அதில் எது புதிய பணம், எது எப்படியும் செய்யவிருந்த செலவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கடைசியாக, பலருக்குப் பிறகுதான் உறைக்கிற விஷயம்: ஒப்பந்தம் நகரத்துக்கும் கட்டுநருக்கும் இடையில், உங்களோடு அல்ல. வாக்கு மீறினால் அந்த ஒன்பது பேர் குழு வழியாக நகர அதிகாரிகளின் குழுவிடம்தான் புகார் போகும். அதனால் ஒன்பது பேரின் தொலைபேசி எண்களையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிவதற்குள் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள்.