பேன்கேக் லென்ஸும் அடாப்டரும்: அந்த மெலிசு எங்கே போகிறது?

மாசி மாதத்தில் ஒரு தம்பி கடைக்கு வந்தான். கையில் சோனி ஃபுல் ஃப்ரேம் பாடி, அதன் முன்னால் ஒரு அடாப்டர் (வேறு வகை லென்ஸைப் பாடியில் மாட்ட உதவும் இடைக்குழாய்), அதில் சோவியத் காலத்து எம்42 லென்ஸ் இண்டஸ்டார் 50-2. ஐம்பது மில்லி, எஃப்/3.5, பணியாரம் மாதிரி ஒரு குட்டி லென்ஸ். இப்படி மெலிசான லென்ஸைத்தான் பேன்கேக் என்பார்கள்.

"அண்ணா, லென்ஸ் போச்சுன்னு நெனைக்கேன். கன்னியாகுமரியில படகுக்கு நிக்குற ஆளுவ எல்லாம் தெளிவா விழுது. வள்ளுவர் சிலை மட்டும் கலங்குது. ஆனா வெயில் ஏறுனதுக்கு அப்புறம் எடுத்தது கொள்ளாம்."

லென்ஸ் கெட்டிருந்தால் அது வெயிலுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று நடக்காது. அடாப்டரைக் கழற்றிப் பார்த்தேன். பாடியில் உட்காரும் முகத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தான். "லூசா ஆடிச்சு அண்ணா, அதான்." வெர்னியரில் பிடித்தால் டேப்பின் தடிமன் 0.13 மி.மீ.

0.13 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒவ்வொரு மவுண்டுக்கும், அதாவது லென்ஸ் மாட்டும் வாய்க்கும், பாடியின் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ. கேனன் ஈஎஃப்புக்கு 44, நிக்கான் எஃப்புக்கு 46.5. உள்ளே மிரர் தூக்கி இறங்க இடம் வேண்டுமே, அதனால் இத்தனை ஆழம். மிரர்லெஸ்ஸில் அந்த மிரர் இல்லை. சோனி ஈ மவுண்ட் 18 மி.மீ., கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16. பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டும்போது நடுவில் குறைகிற தூரத்தை ஈடுகட்டுவதுதான் அடாப்டரின் வேலை. எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ. வேண்டும். பெரும்பாலும் உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. ஆனால் அந்தக் காற்றின் நீளம் சரியாக இருக்க வேண்டும்.

டேப் ஒட்டியதும் லென்ஸ் 0.13 மி.மீ. முன்னால் தள்ளிப்போய்விட்டது. லென்ஸின் ஃபோக்கல் நீளத்தை அதனாலேயே பெருக்கி, கூடுதலான தடிமனால் வகுத்துப் பாருங்கள். 50 பெருக்கல் 50, அதாவது 2500, அதை 0.13-ஆல் வகுத்தால் 19,230 மி.மீ. வளையத்தைக் கடைசி வரை திருகினாலும் ஃபோக்கஸ் சுமார் 19 மீட்டரோடு நின்றுவிடும். படகுத்துறை வரிசை 19 மீட்டருக்குள். சிலையோ கடலுக்குள். விடியும் முன் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எஃப்/3.5-இல் எடுத்தபோது சிலை கலங்கியது. வெயில் ஏறி, துளையைச் சுருக்கி எஃப்/8-க்கு வந்ததும் டெப்த் ஆஃப் ஃபீல்டு (தெளிவாக விழும் தூரத்தின் அளவு) கூடி அந்தப் பிழையை மூடி மறைத்துவிட்டது. லென்ஸ் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. மலிவு அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகக் கடைந்திருப்பார்கள். 'இன்ஃபினிட்டி (வெகுதூரக் காட்சியின் ஃபோக்கஸ்) வரவில்லை' என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது அல்லவா. அப்படிப்பட்ட அடாப்டரில், வளையம் முடிவைத் தொடும் முன்பே தூரக்காட்சி தெளிந்துவிடும். அதற்கு மேல் திருகினால் மறுபடி கலங்கும். பகலில் பாதகமில்லை. ராத்திரி முட்டத்தில் நின்று கடலில் தெரியும் வள்ளங்களின் விளக்கை எடுக்க, இருட்டில் வளையத்தைக் கடைசி வரை தள்ளிவிட்டு எடுத்தால் அத்தனையும் வீண். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

லூசாக ஆடும் அடாப்டருக்கு டேப் மருந்தல்ல. ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டால் படத்தின் இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் கலங்கல் என்று வேறொரு வியாதி வரும். ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் தூரப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

இனி பைசா விஷயம். கடைக்கு வருகிறவர்களில் பலரும் கேட்பது இதுதான்: "கேனன் ஆர்8 மிரர்லெஸ் வாங்கியாச்சு. பழைய 40 பேன்கேக் செகண்ட்ஸ்ல கிடைக்குது, அடாப்டரும் சேர்த்து எடுத்துப் போட்டா கேமரா சின்னதா இருக்கும்ல?" 2012-இல் வந்த கேனன் ஈஎஃப் 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் நல்ல லென்ஸ், எனக்கும் பிடிக்கும். நீளம் 22.8 மி.மீ., எடை 130 கிராம். ஆனால் ஆர்எஃப் பாடிக்கான கேனன் அடாப்டர் 24 மி.மீ., 110 கிராம். லென்ஸை விட அடாப்டர் நீளம்! இரண்டும் சேர்ந்து 46.8 மி.மீ., 240 கிராம். ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை நேராக மாட்டினாலே 40.5 மி.மீ., 160 கிராம்தான். அதுவும் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். மெலிசுதான் வேண்டும் என்றால் 2023-இல் வந்த ஆர்எஃப் 28 மி.மீ. எஃப்/2.8 இருக்கிறது: 24.7 மி.மீ., 120 கிராம். தோவாளை பூச்சந்தையில் விடியற்காலை அதை மாட்டிக்கொண்டு நடந்தால் பூக்கட்டுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேன்கேக்கின் உண்மையான லாபம் எனக்கு அதுதான், எடை அல்ல.

பழைய லென்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா, அடாப்டர் போட்டுத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சின்னதாக இருக்கும் என்று நம்பிப் புதிதாக இரண்டையும் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

சின்ன சென்சாருக்கென்று செய்த கேனன் ஈஎஃப்-எஸ் 24 பேன்கேக்கை அடாப்டர் வழியாக ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது மாட்டிய உடனே கேமரா தானாகவே படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். 24 மெகாபிக்சல் பாடி ஏறத்தாழ 9 மெகாபிக்சலாகச் சுருங்கும். போனில் பார்க்க அழகாக இருக்கும். மண்டப வாசலில் நின்ற அறுபது பேர் குரூப் ஃபோட்டோ கல்யாண ஆல்பத்தின் இரண்டு பக்கத்திலும் விரியும்போதுதான் கடைசி வரிசையில் நிற்கிற பெரியப்பா முகம் கரையும். ஒரு ஸ்டுடியோக்காரர் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிக்கான்காரர்களுக்கு வேறொரு தலைவலி: பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற லென்ஸ்களுக்கு ஃபோக்கஸ் மோட்டார் பாடியில்தான் இருந்தது. அவற்றை இசட் பாடியில் மாட்டும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் திருக வேண்டும்.

மின் இணைப்புக்கான கான்டாக்ட் இல்லாத அடாப்டர் என்றால் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று பாடிக்குத் தெரியாது. 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை மெனுவில் ஆன் செய்ய வேண்டும். பாடிக்குள் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோக்கல் நீளத்தையும் நாமே கொடுக்க வேண்டும். நேற்று 135 போட்டுக் கொடுத்த எண் இன்று 50-க்கும் அப்படியே கிடந்தால், ஸ்டெபிலைசேஷனே படத்தை ஆட்டிவிடும்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு, அது உப்பு. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் மிரரும் மூடிய ஷட்டரும் மறைத்து நிற்கும். மிரர்லெஸ்ஸில் பல பாடிகளில் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். குளச்சல் கடற்கரையிலோ, ஆரல்வாய்மொழிக் காற்றிலோ நின்று லென்ஸ் மாற்றிவிட்டு, மறுநாள் சென்சார் கிளீனிங்குக்கு வருகிறார்கள். அடாப்டரைப் பாடியோடு விடாதீர்கள். அது லென்ஸின் வால் என்று நினைத்துக்கொண்டு லென்ஸோடேயே வையுங்கள். பின்னால் புதிய மவுண்டின் மூடி, பாடிக்குப் பாடி மூடி. புது மலிவு அடாப்டராக இருந்தால் முதல் முறை மாட்டும் முன் புளோவரால் ஊதி, துணியால் துடைத்துவிடுங்கள். கடைசலில் மிச்சமான உலோகப் பொடி சென்சாரில் விழுந்து பார்த்திருக்கிறேன். கான்டாக்டில் பச்சை பிடித்தால் அழிரப்பரால் தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு போய்விடும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஒரு சொட்டு போதும்.

எஸ்டிஎம் பேன்கேக்கின் மூக்கு வெளியே நீட்டியபடி கேமராவை அணைத்துவிட்டால், அதைக் கையால் உள்ளே அழுத்தக் கூடாது. அந்த ஃபோக்கஸ் வளையம் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும். மறுபடி ஆன் செய்து, தூரத்தில் ஃபோக்கஸ் பண்ணி உள்ளே இழுத்துவிட்டு அணையுங்கள்.

அந்தத் தம்பியின் டேப்பை உரித்து, ஒட்டிய பசையைத் துடைத்து, அடாப்டரின் மூன்று ஸ்க்ரூவையும் முறுக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது. ராத்திரி மாடிக்குப் போய், தூரத்துச் செல்போன் டவரின் சிவப்பு விளக்கை எஃப்/3.5-இல் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கருப்பு வானத்தில் ஊசிமுனை மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. கீழே, "டேப்புக்கு ஆன பத்து ரூவா போச்சு அண்ணா."