உறங்கிய டெஸ்க்டொப் விழிக்காதபோது: போர்மட் செய்யுமுன் பார்க்கவேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் லினக்ஸ் நிறுவிய டெஸ்க்டொப் கணினிகளைப் பராமரித்துவரும் எனக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான்: வேலை செய்யும்போது எந்தக் குறையும் இல்லை; சற்று எழுந்துபோய்த் திரும்பினால் திரை கறுத்து, விசைப்பலகைக்கும் அசையாமல் கணினி நின்றுவிடுகிறது. உடனே போர்மட் செய்துவிடும்படி யாராவது அறிவுரை சொல்கிறார்கள். பாடசாலையின் புள்ளிப் பதிவுகளும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளும் அதனோடு அழிந்துபோக, கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

முதலில் கேட்கவேண்டியது, அந்த நேரத்தில் கரண்ட் போய்வந்ததா என்பதையே. சஸ்பெண்ட் எனப்படும் உறக்க நிலையில் சிபியுவும் வன்தட்டும் அணைந்துவிட, ராம் மட்டும் பவர் சப்ளையின் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தில் தன்னிடமுள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கும். யூபிஎஸ் இல்லாத கணினியில் ஒரு சிறு மின்தடையே அதைத் துடைத்துவிடப் போதும். அது லினக்ஸின் குற்றமன்று. எந்த இயங்குதளத்துக்கும் அதே கதிதான்.

மின்தடை இல்லையென்று உறுதியானால், கணினியின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையால் முந்தைய தொடக்கத்தின் பதிவை எடுத்து அதன் கடைசி வரிகளை வாசிக்கவேண்டும். 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரியோடு பதிவு முடிந்திருந்தால் கோளாறு உறக்கத்தைச் சார்ந்தது. அந்த வரியே இல்லாமல் இடையில் அறுந்திருந்தால், கணினி விழித்தபடி சும்மா இருந்த நேரத்தில் நின்றிருக்கிறது. முதல் வகையில் ஓர் எச்சரிக்கை தேவை: வன்தட்டு அதற்குள் உறங்கிவிடுவதால், கணினி உறங்கப்போகும்போது நின்றதா விழிக்கும்போது நின்றதா என்பதை அந்த வரி சொல்லாது.

அதைப் பிரித்தறிய, லினக்ஸின் மையக்கருவான கேர்னலிலேயே பிஎம்-டெஸ்ட் (pm_test) என்றொரு வசதி இருக்கிறது. பலரும் தொடாத இதையே நான் மிகவும் நம்புகிறேன். பிரீஸர், டிவைசஸ், பிளாட்போர்ம், புரொசெசர்ஸ், கோர் என்ற ஐந்து படிகளில் நாம் குறிப்பிடும் படிவரை மட்டும் சென்று, சில விநாடிகள் காத்திருந்து, உண்மையில் உறங்காமலே கணினி திரும்பிவரும். பிரீஸரில் தேறி டிவைசஸில் சிக்கினால் ஏதோவொரு டிரைவரில், அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருளில்தான் பிழை. யூஎஸ்பி வைபை டொங்கிள் போன்ற வெளிக்கருவிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் சோதிப்பதே அடுத்த வேலை. ஐந்தும் தேறிய பின்னும் உண்மையான உறக்கத்திலிருந்து எழவில்லையென்றால் மதர்போட்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயோஸையே சந்தேகிக்கவேண்டும்; அதைப் புதுப்பிக்கலாம், அல்லது ஆழ்ந்த உறக்கத்துக்குப் பதிலாக எஸ்-டு-ஐடில் எனப்படும் மென்மையான உறக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். திரை கறுத்திருந்தும் கெப்ஸ் லொக் விளக்கு விசைக்கு மாறினால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. அப்போது கிரபிக்ஸ் டிரைவர் பக்கம் தேடுவதே சரி.

சும்மா இருக்கும்போது நின்றுவிடும் கணினிகளின் கதை வேறு. வேலையில்லாத சிபியு, சி-ஸ்டேட் எனப்படும் படிகளில் இறங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. 2013இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் வகைச் சிபியுக்களின் ஆழ்ந்த படிகளில் சிபியு இழுக்கும் மின்னோட்டம் 12 வோல்ட் இணைப்பில் 0.05 அம்பியர் அளவுக்குக் குறையக்கூடும். அவ்வளவு சிறிய சுமையில் நிலைத்து நிற்க முடியாத பழைய பவர் சப்ளைகள் உண்டு. எனவே கையிலுள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்ப்பது, அல்லது பயோஸில் சி6, சி7 என்ற அந்த ஆழ்ந்த படிகளை நிறுத்திப் பார்ப்பது, இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதைவிட எவ்வளவோ மேலானது. 2017இல் வெளிவந்த ஏஎம்டியின் முதல் ரைசன் சிபியு கொண்ட கணினிகளிலும் இதையொத்த சிக்கல் இருந்தது; அதற்கென்றே பல மதர்போட்களின் பயோஸில் பவர் சப்ளை ஐடில் கொன்ட்ரோல் என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, அதே நிலையில் சில நாட்கள் ஓடவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

இதில் நம் பகுதிக்கேயுரிய ஒரு சிக்கலும் உண்டு. மதர்போட்டிலுள்ள சிஆர்2032 பற்றரி தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடையின் பின் பழைய மதர்போட்கள் பலவற்றில் பயோஸ் அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடும். நாம் செய்த திருத்தமும் அதனோடு போய், குணமான கோளாறு மீண்டும் தலைகாட்டும். ஆகவே கணினியின் நேரமும் திகதியும் பின்னோக்கிப் போயிருந்தால், வேறெதையும் சோதிக்குமுன் அந்த 3 வோல்ட் பற்றரியை மாற்றிவிடுங்கள்.

காரணம் பிடிபடும்வரை, தானாகச் சஸ்பெண்ட் ஆவதை அமைப்புகளில் நிறுத்தி, திரை மட்டும் அணையும்படி விட்டுவைப்பது பாதுகாப்பானது. அதற்குப் பதிலாக ராமிலுள்ளதை வன்தட்டில் எழுதிவிட்டு முழுதாய் அணையும் ஹைபர்னேட் முறையை விரும்புவோர், ராமிலுள்ளதை எழுதிவைக்க வன்தட்டில் ஒதுக்கப்படும் ஸ்வொப் இடம் போதியளவு உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஹைபர்னேட் இயல்பாகக் கிடைப்பதில்லை என்பதோடு, தொடக்கத்தில் நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்கியூர் பூட் இயங்கும் கணினிகளில் கேர்னலே அதைத் தடுத்துவிடுவதும் உண்டு.