ஸ்வீடனின் எஃகு வடம் நம் சாலைக்குப் பொருந்துமா?

ஸ்வீடனில் சாலை நடுவே எஃகு வடம் கட்டி விபத்துச் சாவுகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்களே, நம் ஊரிலும் கட்டினால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அங்கே 13 மீட்டர் அகலச் சாலைகள் நிறைய உண்டு. திசைக்கு ஒரு தடம், இருபுறமும் தாராளமான ஓரம். முந்தப்போய் எதிர் வண்டியில் மோதிச் சாவதுதான் அந்தச் சாலைகளின் பெரிய சிக்கல். 1998-ல் யெவ்லே நகருக்கு வடக்கே, அதே அகலத்தை மூன்று தடமாகப் பிரித்தார்கள். ஒரு திசைக்கு இரண்டு, எதிர்த்திசைக்கு ஒன்று; ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது இடம் மாறும். நடுவே எஃகு வடங்களால் ஆன வேலி. இப்படி மாற்றிய சாலைகளில் சாவு சுமார் முக்கால் பங்கு குறைந்தது.

அந்த வேலி வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தூண்கள் வேண்டுமென்றே மெல்லியவை. மோதும் கார் ஒவ்வொரு தூணாக மடக்கிக்கொண்டே போக, முறுக்கேற்றிக் கட்டிய வடங்கள் பக்கவாட்டில் நெளிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் 20 டிகிரி சாய்வில் மோதுகிறது என்று வையுங்கள். வேலியை நோக்கிய வேகம் சுமார் 31 கி.மீ. மட்டுமே. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வடம் தடுக்க வேண்டியது மொத்த ஆற்றலில் 12 சதவீதம்தான்! மீதி, கார் வேலியோடு உரசியபடி ஓடி மெதுவாகத் தீர்ந்துபோகும். எதிரே வந்த வண்டியில் முட்டியிருந்தால் அத்தனையும் நொடியில் உடம்பில் இறங்கியிருக்கும்.

சரி, இங்கே? ஸ்வீடனின் சதவீதத்தை அப்படியே தூக்கிவர முடியாது. வடம் முக்கியமாகத் தடுப்பது எதிர்த்தடத்துக்குப் பாயும் வண்டியை. ஒரு சாலையில் 100 சாவில் 60 அப்படி நேர்ந்தவை, அதில் ஐந்தில் நான்கைத் தடுக்கலாம் என்றால் 48 உயிர் பிழைக்கும். இன்னொரு சாலையில் அது 15 தான் என்றால் பிழைப்பது 12. வேலி அதேதான். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். சாலையைக் கடப்பவரை லாரி அடித்தால் வடம் என்ன செய்யும்?

அகலமும் இடிக்கிறது. ஓரத்தையும் சேர்த்துத் தார் போட்ட நம் இருவழிச் சாலையே பெரும்பாலும் 10 மீட்டர்தான். ஒற்றைத் தடப் பகுதியில் ஒரு டிராக்டர் முன்னால் போனால் பின்னால் பேருந்தும் ஆம்புலன்ஸும் ஊர வேண்டியதுதான். அப்புறம், ஸ்வீடனில் இந்த வேலியில் வண்டிகள் அடிக்கடி மோதுகின்றன. உடனே ஆள் வந்து புதுத் தூண் நடுகிறார்கள். அந்தப் பராமரிப்புப் பணமும் சேர்ந்ததுதான் அந்தத் திட்டம்.

பலன் அளப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு வளைவில் ஓராண்டில் வழக்கத்தைவிட அதிகம் பேர் செத்த பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொள்கிறோம். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை பெரும்பாலும் சராசரிப் பக்கம் இறங்கும். அங்கே பூசணிக்காய் உடைத்தவரும், வேகத்தடை போட்ட பொறியாளரும் ஒரேபோல் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒப்பிட, மாற்றம் செய்யாத அதேபோன்ற சாலைகளும், பல ஆண்டுக் கணக்கும் வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய தேசிய விபத்துத் தரவுத்தளம் இருக்கிறது. புது மேம்பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை, அந்தத் தரவைச் சரியாக நிரப்பும் காவலர்களின் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவருக்கு என் பதில்: ஊர்களை ஊடறுத்துப் போகும் இருவழிச் சாலையில் வேண்டாம். ஆள் கடக்காத நான்குவழி பைபாஸில், மீடியனைத் தாண்டி லாரிகள் எதிர்ப்பக்கம் பாய்வதாகப் பதிவுகள் காட்டும் இடங்களில், சில கிலோமீட்டர் கட்டிப் பார்க்கலாம்.