புரொடெக்டர்: ஒரு வேல்ஸ் நினைவுக்கல்லின் பட்டச்சொல்

வேல்ஸின் தென்மேற்கே, கார்மார்த்தன்ஷயரிலுள்ள காஸ்டெல்துவிரான் தேவாலயத்தில் 1895-இல் கண்டறியப்பட்ட நினைவுக்கல் ஒன்றில் 'மெமோரியா வோட்டெபோரிகிஸ் புரோட்டிக்டோரிஸ்' என்ற மூன்றே இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதற்சொல் நினைவுச்சின்னத்தையும் இரண்டாவது அதற்குரிய வோட்டெபோரிக்ஸ் என்பவனின் பெயரையும் குறிக்க, 'புரொடெக்டர்' என்பதன் வேற்றுமை வடிவமான மூன்றாவது அவனது பட்டமாக நிற்கிறது. அப்பகுதியை அக்காலத்தில் ஆண்ட டிவெட் அரசகுலத்தோடு இக்கல்லைத் தொடர்புபடுத்துவது வழக்கம். ஆயினும் அரசன் எனப் பொருள்படும் 'ரெக்ஸ்' என்ற சொல் அதில் இல்லை.

'முன்' எனப் பொருள்படும் 'புரோ'வும் 'மூடுதல்' எனப் பொருள்படும் 'தெகெரே' என்ற வினையும் சேர்ந்து பிறந்ததே புரொடெக்டர். முன்னே நின்று மறைத்துக் காப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். கைப்பேசித் திரைமேல் நாம் ஒட்டும் கண்ணாடிக்கும் இன்று இதே பெயர்தான். ரோமப் படையில் மூன்றாம் நூற்றாண்டு முதல் பேரரசரை அடுத்திருந்த அதிகாரிகளுக்கு இது பட்டமாக வழங்கியது. ரோம ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கிய பின்னரும் அங்கே அதன் மதிப்புக் குறையவில்லை. டிவெட் மன்னர்களின் பழைய வமிசாவளி ஒன்றில் 'புரொடெக்டர்' ஒரு முன்னோரின் பெயராகவே இடம்பெறுகிறது; அதே பட்டியலில் வரும் 'ட்ரிஃபுன்' என்ற பெயரும் 'ட்ரிபூனஸ்' என்ற ரோமப் பதவிப்பெயரின் திரிபே.

இதைவிடச் சுவையானது, அந்த மனிதனின் பெயருக்குள்ளேயே இப்பொருள் அடங்கியிருப்பது. வோட்டெபோரிக்ஸ் என்பதன் முற்பகுதி 'புகலிடம்' என்ற பொருளுடைய கெல்டியச் சொல்லோடு தொடர்புடையது; ஈற்றிலுள்ள 'ரிக்ஸ்' இலத்தீன் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' ஆகியவற்றுக்கு இனமான, அரசனைக் குறிக்கும் சொல். ஆகவே 'புரோட்டிக்டோரிஸ்' என்பது ரோமப் பட்டமாக மட்டுமன்றி, பெயரின் இலத்தீன் மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கல்லின் விளிம்பில் ஐரிஷ் ஓகம் கீற்றெழுத்தில் அதே பெயர் 'வோட்டெகோரிகாஸ்' என வெட்டப்பட்டிருக்கிறது. வெல்ஷ் மொழியின் மூதாதையான பிரிட்டானிய மொழியின் பகரத்துக்கு ஐரிஷ் மொழியில் ககரம் வருவது இவ்விரு மொழிகளுக்கிடையே வழக்கமான ஒலிமாற்றம்.

ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ், 'நல்ல அரசனின் கெட்ட மகன்' என்று கடிந்துரைத்த டிவெட் மன்னன் வோர்டிபோரே இவன் என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் 'வோ' கீழ் என்றும் 'வோர்' மேல் என்றும் பொருள்படும் வெவ்வேறு முன்னொட்டுகள் என்பதால், இருவரையும் ஒருவராகக் கொள்ள மொழியியலாளர் பலர் இன்று தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதே.

தமிழில் இதனைப் 'பாதுகாவலர்' என்று பெயர்த்தால், சிறுவர்களுக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர் என்ற இக்காலப் பொருள் குறுக்கிடும். ரோமப் படைப்பதவியைக் குறிக்கையில் 'மெய்காவலர்' பொருந்தும். கல்லிலுள்ள சொல்லுக்குக் 'காவலன்' என்பதே தக்க நிகர். காப்பவன், அரசன் என்னும் இருபொருளும் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் ஆட்சியையே 'தென்புலங் காவல்' என்றுதான் குறிப்பிடுகிறான். 'புரவலன்' என்பதும் காத்தலைக் குறிக்கும் 'புரத்தல்' அடியாகப் பிறந்ததெனினும், கொடையாளி என்ற பொருளே இன்று அதில் ஓங்கிநிற்கிறது. 1653-இல் இங்கிலாந்தில் கிராம்வெல் ஏற்ற 'லார்ட் புரொடெக்டர்' பதவிக்கோ 'காவலன்' ஒவ்வாது. முடியாட்சியை ஒழித்தபின் ஏற்ற பதவியாதலால், அரசனைச் சுட்டாத 'காப்பாளர்' என்ற சொல்லையே அங்கு ஆளவேண்டும்.