ஹேண்டாஃப்: நிலுவை ஒப்படைப்பு

ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ மென்பொருள்) ஒன்று ஓர் அமர்வில், அதாவது ஒரு தொடர் உரையாடலில், முடிக்காமல் விட்ட வேலையை அடுத்த அமர்வு எடுத்துத் தொடரும்படி எழுதி வைப்பதற்கு ஹேண்டாஃப் என்று பெயர். புது அமர்வுக்குப் பொதுவாகப் பழையதன் நினைவு இருக்காது. கோப்பில் எழுதிவைத்ததுதான் அதன் கண்ணில் படும். நீண்ட உரையாடலைச் சுருக்கிக்கொண்டு தொடரும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆனால் ஒரு வழியை ஏன் கைவிட்டோம் என்ற விவரம் அந்தச் சுருக்கத்தில் எளிதில் விடுபட்டுப் போகும்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியாமல் கூட்டாளி கையிலேயே கொடுப்பது ஹேண்டாஃப். ரக்பியில் அதே சொல்லுக்கு எதிராளியைக் கையால் தள்ளிவிடுவது என்று பொருள்! தொலைத்தொடர்பிலும் இது புழங்குகிறது: வாலாஜாவிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் பேசிக்கொண்டே போனால், அழைப்பு அறுபடாமல் கோபுரம் விட்டுக் கோபுரம் மாறுவதும் ஹேண்டாஃப்தான்.

தமிழில் ‘கைமாற்று’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலூர்க்காரரிடம் கைமாத்து என்றால் எவ்வளவு பணம் வேண்டும் என்றுதான் கேட்பார். ‘பணிமாற்றம்’ டிரான்ஸ்ஃபர் ஆர்டரை நினைவூட்டும். ‘கையளிப்பு’ ஈழத்தில் இயல்பான சொல், இங்கே பேச்சில் இல்லை. ‘ஒப்படைப்பு’ பொருந்துகிறது: ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் அது முடியும். எதை ஒப்படைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ‘நிலுவை ஒப்படைப்பு’. நிலுவை, ‘நில்’ என்ற வேரிலிருந்து வந்தது, தீராமல் நிற்பது. ‘பாக்கி’ அரபு மூலம் கொண்டது; ஆற்காடு நவாபு கால வருவாய்க் கணக்கில் வசூல், ஜமாபந்தி ஆகியவற்றோடு புழங்கிய சொல். பேச்சில் ‘வேலை பாக்கி இருக்கு’ என்பதில் குறையில்லை. ஆனால் எழுத்தில் பாக்கி என்றதும் பணம் முந்திக்கொள்ளும். (ஏஜென்டை ‘முகவர்’ ஆக்க வேண்டாம், காப்பீட்டு பாலிசி விற்பவர்தான் நினைவுக்கு வருவார்.)

இதற்கான முறை கலெக்டர் அலுவலகத்தில் வெகுநாளாக இருக்கிறது. உதவியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தன்பதிவேடு. வந்த தபாலுக்கு ந.க. (நடப்புக் கணக்கு) எண் போட்டு, எடுத்த நடவடிக்கையைத் தேதியோடு அதில் எழுதுவார்கள். ஆள் மாறினாலும் எண் மாறாது. ஏஜென்டுக்கும் இதுவே போதும்: திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே ஒரே ஒரு நிலுவைக் கோப்பு, ஒவ்வொரு வேலைக்கும் மாறாத எண்.

ஆம்பூர் ஷூ நிறுவனம் ஒன்றின் சரக்கு இருப்பு மென்பொருளில் வேலை நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

நி-07. அரை அளவுகள் இறக்குமதி. நிலை: பாதியில்.
கோளாறு: அளவு முழு எண்ணாகச் சேமிக்கப்படுவதால் யுகே 8½ ஜோடிகள் 8-இல் சேர்ந்துவிடுகின்றன.
கைவிட்ட வழி: அளவை எழுத்தாக மாற்றியது. வரிசைப்படுத்தும்போது 6-க்கு முன்னால் 10 வந்தது.
செய்தது: தசம எண்ணாக மாற்றும் நிரல் எழுதி கமிட் செய்தாயிற்று (நிரலின் பதிப்பு வரலாற்றில் சேமித்தாயிற்று), இன்னும் ஓட்டவில்லை.
அடுத்தது: நகல் தரவுத்தளத்தில் ஓட்டுவது.
சரிபார்ப்பு: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மொத்த ஜோடி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், பிறகு 8½ உள்ள மாதிரிக் கோப்பை ஏற்றினால் அது தனி வரியாக வர வேண்டும்.

இதில் விலைமதிப்பானது ‘கைவிட்ட வழி’. அதை எழுதாவிட்டால் அடுத்த அமர்வு அதே எழுத்து மாற்றத்தைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் செய்து காட்டும். ‘கிட்டத்தட்ட முடிந்தது’ என்பது எதற்கும் உதவாத வரி: எது ஓடியது, எது ஓடவில்லை என்பது அதிலிருந்து தெரியாது.

பிசகு வரும் இடங்கள் சில. முழுப் பட்டியலையும் திருப்பி எழுதச் சொன்னால் நடுவில் ஓர் எண் சத்தமில்லாமல் விழுந்துவிடும். எனவே நிலையை மட்டும் மாற்றலாம், வரியை நீக்கக் கூடாது என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள். கமிட் செய்யாத மாற்றங்களை விட்டுச் சென்றால் குறிப்பு ஒன்றும் நிரல் வேறொன்றும் சொல்லும். இரண்டு அமர்வுகள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் நி-07-ஐயே எடுத்துக்கொள்ளும். யார் கையில் என்ற கட்டம் தேவை, எடுக்கும்போதே அதை நிரப்ப வேண்டும். கடவுச்சொல்லைக் குறிப்பில் எழுதாமல், எங்கே இருக்கிறது என்று மட்டும் குறிப்பிடலாம்.

ஓர் அமர்வில் ஏஜென்ட் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு நிரம்பும் தறுவாயில் குறிப்பு எழுதச் சொல்வது வீண். ஒவ்வொரு கமிட்டோடும் எழுதச் சொல்லுங்கள். வாங்குகிற அமர்வு குறிப்பைப் படித்ததும் நிரலைத் தொடக் கூடாது. முதலில் சோதனைகளை ஓட்டி, குறிப்பில் உள்ள நிலை உண்மைதானா என்று பார்த்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பொருந்தாவிட்டால் முதல் வேலை குறிப்பைத் திருத்துவது.