முழவு இல்லாமல் ஒரு தாளம்

கொலம்பியாவின் கிழக்கிலிருந்து வெனிசுவேலாவுக்குள் ஒரினோக்கோ ஆற்றை ஒட்டிப் பரந்துகிடக்கிறது யானோஸ் புல்வெளி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் இங்கே பெருகின. அவற்றைக் குதிரையேறி மேய்க்கும் யானேரோக்கள் என்ற மக்களும் உருவானார்கள். அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் சேர்ந்ததுதான் ஹொரோப்போ. ஆண்கள் காலால் தரையை உதைத்து ஆடும் அளவுக்கு வேகமான இசை. ஆனாலும் மரபான கச்சேரியில் தோற்கருவி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு ஹார்ப் அல்லது பண்டோலா என்ற தந்திக்கருவி, நான்கு தந்திகள் கொண்ட குவாத்ரோ, கையில் குலுக்கும் மராக்கா ஜோடி, அவ்வளவுதான். அப்படியானால் தாளத்தை யார் தாங்குகிறார்கள்?

பெரும்பங்கு குவாத்ரோதான். பார்ப்பதற்குச் சின்ன கிதார். அதன் தந்திகள் வரிசையாக ஏறத்தாழ 220, 294, 370, 247 ஹெர்ட்ஸில் கட்டப்படுகின்றன. நான்காவது தந்தியைக் கவனியுங்கள். மேலே ஏறியிருக்க வேண்டிய அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிட்டார்கள். இதனால் நான்கும் ஒரே ஸ்தாயிக்குள் நெருங்கி நிற்கின்றன. கிதாரில் கையை மேலிருந்து கீழே வருடினால் மந்திரத்திலிருந்து, அதாவது கனத்த கீழ் ஸ்வரத்திலிருந்து, உச்சம்வரை ஸ்வரங்கள் ஏறுவது தெளிவாகக் கேட்கும். கையைத் திருப்பினால் அதே வரிசை இறங்கும். குவாத்ரோவில் எந்தப் பக்கம் அடித்தாலும் ஏறக்குறைய ஒரே திரண்ட ஒலிதான். ஆகவே ஓர் அடியை இன்னோர் அடியிலிருந்து பிரித்துக் காட்ட வாசிப்பவரிடம் வேறு உத்தி வேண்டும்.

அந்த உத்தி, அடித்த கையாலேயே தந்தியை அடக்குவது. அதிரும் தந்தி தன் ஆற்றலை, தன்னைத் தாங்கும் பாலம் என்ற கட்டையின் வழியே பலகைக்கும், பலகை காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. ஸ்வரம் நீண்டு ஒலிப்பது அதனால்தான். கையின் தசை பட்டதும் அந்த ஆற்றல் தசைக்குள் போய் அடங்கிவிடுகிறது. ஒரு சுருதியை அடையாளம் காணக் காதுக்குச் சில அதிர்வுச் சுற்றுகளாவது வேண்டும். அவை கிடைப்பதற்குள் ஒலி முடிந்துவிட்டால் நமக்கு ஸ்வரம் கேட்பதில்லை, 'சட்' என்ற தட்டு மட்டுமே கேட்கிறது. திறந்த அடி ஸ்வரமாகிறது, அடக்கிய அடி கொட்டாகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்கும்போது ஒரே கருவி சுருதிப்பெட்டியாகவும் மத்தளமாகவும் வேலை செய்கிறது.

இனி, அந்தக் கொட்டு எங்கே விழுகிறது என்பது. ஹொரோப்போவின் ஒரு சுற்றில் ஆறு சிறு துடிப்புகள் உண்டு. அவற்றை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகவும் எண்ணலாம், 'தக தக தக' என்று இரண்டிரண்டாகவும் எண்ணலாம். இங்கே இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மந்திர ஸ்வரங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் போக, மேலே மெட்டு மூன்று மூன்றாகப் புரள்கிறது. இரண்டும் சேரும் இடம் முதல் துடிப்பு ஒன்றுதான். வேகமான பாட்டில் நொடிக்கு ஆறு துடிப்புக்கு மேல் வருவதால், மனம் ஒரு கணக்கைப் பற்றிக்கொள்வதற்குள் மற்றது வந்து இழுக்கிறது. போதாததற்கு, இந்த இசையில் போர் கொர்ரீதோ, போர் தெரேச்சோ என்று இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. துடிப்பு அதே ஆறுதான், அழுத்தம் விழும் இடம் நகர்ந்துவிடுகிறது. புதிதாகக் கேட்பவர் எங்கே கைதட்டுவது என்று திணறுவதில் வியப்பில்லை.

மராக்காவுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. சுரைபோன்ற ஒரு காயின் ஓட்டுக்குள் கல்வாழை விதைகள். நம் தோட்டங்களில் பூக்கும் அதே கல்வாழைதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த செடி. கடினமான அந்த விதைகளைச் சிதறவிடாமல் ஒரே கொத்தாக ஓட்டில் மோதவைப்பதில் இருக்கிறது வாசிப்பவரின் திறமை. சிதறினால் இரைச்சல், சேர்ந்தால் தாளம்.

ஹார்ப்பின் கதை வேறு. ஸ்பானியரோடு வந்து, ஏசுசபைப் பாதிரிமாரின் மடங்கள் வழியாக இந்தப் புல்வெளியில் பரவிய கருவி இது. இன்று வழக்கமாக 32 தந்திகள், நான்கு ஸ்தாயிகளுக்கு மேல். எல்லாத் தந்திகளும் ஒரே தடிமனில், ஒரே இழுவிசையில் இருந்தால், மிக நீண்டது மிகக் குட்டையானதைப்போல இருபது மடங்குக்கு மேல் நீளமாக இருக்க வேண்டியிருக்கும். தடிமனை இரட்டிப்பாக்கினால் அதிர்வெண் பாதியாகும் என்பதால் மந்திரத் தந்திகளைத் தடிமனாக்கிக் கருவியை ஆள் உயரத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஆனால் தடித்த நீளத் தந்தி எளிதில் ஓயாது. விட்டால் ஒரு ஸ்வரம் அடுத்ததன்மேல் படிந்து தாளம் குழம்பும். அதனால் இடது கை மந்திரத் தந்தியை மீட்டியதும் உள்ளங்கையால் அதை அடக்குகிறது, குவாத்ரோவின் அதே வித்தை.

20-ஆம் நூற்றாண்டில் மந்திர ஸ்வரங்களுக்கான பாஸ் கருவி குழுவில் சேர்ந்தபோது இந்த இடது கை வேலையின் பெரும்பகுதி அதற்குப் போனது. ஒலி கனத்தது உண்மை. ஆனால் ஒரே ஆள் இரு கைகளாலும் இரண்டு கணக்கை நடத்தும் அந்த வாசிப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த ஹார்ப்புக்கு மேற்கத்திய கச்சேரி ஹார்ப்பைப்போல ஸ்வரத்தை மாற்றும் மிதிகள் கிடையாது. ஸ்தாயிக்கு ஏழு ஸ்வரங்கள்தான், பாடகரின் குரலுக்கு ஏற்ப முன்கூட்டியே கட்டிக்கொள்ள வேண்டும். இடையில் வேறு ஸ்வரம் தேவைப்பட்டால் தந்தியின் மேல்முனையை விரலால் அழுத்தி நீளத்தைக் குறைப்பார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே.